நான்காவது கண்ணாடி

பழைய சரக்குக் கிடங்கை நூலகமாக மாற்றும் வேலையில் அண்ணன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணாடி உடைந்தால் எல்லோரும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதையெல்லாம் வாசலைத் தாண்டிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அவன் கட்டமைப்புப் பொறியாளர். தங்கை கட்டடக் கலைஞர். அவள் வரைவாள், அவன் "நிக்குமா?" என்பான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பதினோரு வருடமாகச் சண்டை போட்டுத் தொழிலை ஓட்டிவிட்டார்கள்.

கிடங்கின் நடுச்சுவரில் இரண்டு குறுகிய வாசல்கள் இருந்தன. நடுவிலிருந்த தூணை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே அகல வளைவாக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். அப்போதுதான் ஆற்றுப் பக்கத்து வெளிச்சம் உள்கூடம்வரை வரும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய நூறு வருடச் சுவர், வேண்டாம் என்று அண்ணன் ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் இறங்கி வந்தான். தூணை எடுத்து வளைவு கட்டிய பிறகு அதற்கு மேலே மயிரிழை அளவுக்கு ஓடிய விரிசலின் குறுக்கே ஒன்பது கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினான். சுவர் நகர்ந்தால் விரிசல் அகலும், விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். ஒவ்வொன்றிலும் ஒட்டிய தேதியைக் கோழி கிறுக்கியது போன்ற தன் கையெழுத்தில் எழுதியும் வைத்தான்.

புதன்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால் அவள் சாரத்தில் ஏறிப் பார்த்தபோது நான்காவது கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நகராட்சிக் குழு வருகிறது. இடித்துத் தள்ளிவிட்டு வாகன நிறுத்தம் கட்டுவோம் என்கிற கட்சி குழுவுக்குள்ளேயே இருந்தது. அவர்கள் வாயை அடைக்க அண்ணனின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றுதான் வழி. கண்ணாடி உடைந்தது தெரிந்தால் அவன் கையெழுத்துப் போடமாட்டான். மூன்று வருடம் செருப்புத் தேய அலைந்து காப்பாற்றிய கட்டடம் மறுவாரமே தரைமட்டமாகும்.

ஏணி பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இல்லையென்றால் பறவை ஏதாவது மோதியிருக்கும். சாரம் கட்டியவன் தோள் இடித்திருக்கும். வேண்டும் என்று தேடினால் காரணத்துக்கா பஞ்சம்?

வேலையிட அறையில் அண்ணனின் பெட்டியிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்தாள். ஜிப்சம் குழைத்து, உடைந்ததைச் சுரண்டி எடுத்த இடத்திலேயே ஒட்டினாள். புது ஜிப்சம் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டிக்கொடுத்தது. தரைத் தூசியை அள்ளித் தேய்த்தாள். கடைசியாகப் பழைய தேதியை எழுதினாள். பள்ளிக்கூட நாளில் அண்ணனுக்காகப் பக்கம் பக்கமாக இம்போசிஷன் எழுதிக் கொடுத்த கை அது. அசல் அவன் எழுத்துதான்.

ஆட்கள் வந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, வளைவுக்குக் கீழே பூச்சு வேலை இப்போது வேண்டாம், கடைசி அறையிலிருந்து ஆரம்பியுங்கள் என்றாள். நேற்றுத்தானே அவசரம் என்றீர்கள் என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். திட்டம் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நாலு தடவை சாரத்தில் ஏறினாள். கண்ணாடி அப்படியே இருந்தது. அன்று இரவு தூங்கவும் செய்தாள், அதை நினைக்கத்தான் பிற்பாடு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை குழுவினர் ஐந்து பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே நிற்க, அண்ணன் டார்ச்சோடு மேலே ஏறினான். முதல் கண்ணாடி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதின் முன்னால் நின்றான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். அவன் ஐந்தாவதுக்கு நகர்ந்தான்.

இறங்கி வந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் குழுத் தலைவியிடம் நீட்டினான்.

நூலகராக வரப்போவது அண்ணி. வாசிப்பு மேசை எங்கே வரும் என்று தலைவி கேட்டதுதான் தாமதம், அண்ணி உற்சாகமாக நடந்துபோய் வளைவுக்கு நேர் கீழே நின்று கையை விரித்துக் காட்டினாள். மேசை இப்படி, நாற்காலி அப்படி. பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணியின் தோளில் ஒரு சிட்டிகைக் காரைத் தூசு விழுந்தது. அவள் பேச்சை நிறுத்தாமல் தட்டிவிட்டாள்.

"அண்ணி, அங்க நிக்காதீங்க. இந்தப் பக்கம் வந்துடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் சிரித்தான். "ஒம்பதும் நல்லாத்தான் இருக்கு. இப்பத்தானே பாத்தேன்."

"நாலாவது நீ ஒட்டினது இல்ல அண்ணா. நான் ஒட்டினது."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. தன் சட்டப்படி நடந்தான். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, குழுவையும் மேஸ்திரியையும் பதினோரு ஆட்களையும் வெளியே அனுப்பி, வாசலில் நின்று தலைகளை எண்ணினான். அதற்குப் பிறகுதான் அவளிடம் வந்தான்.

"எப்ப உடைஞ்சுது?"

"புதன்கிழமை காலையில. ஏணி பட்டிருக்கும்னு நெனச்சேன்." அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா அந்த ரெண்டு நாளும் வளைவுக்குக் கீழ ஒருத்தரையும் வேலை செய்ய விடல. எல்லாரையும் கடைசி அறைக்கு மாத்திட்டேன்."

"அப்ப ஏணி படலன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான் அண்ணன்.

தன் பக்கத்து நியாயம் என்று இரண்டு நாளாக அவள் பத்திரமாக வைத்திருந்தது, ஆட்களை அங்கிருந்து மாற்றிய அந்த ஒன்றைத்தான்.

அண்ணன் தலைவியிடம் சான்றிதழைத் திருப்பி வாங்கிக் கிழித்தான். இன்றைக்கே முட்டுக் கொடுத்தால் சுவர் நிற்கும், தூணைத் திரும்பக் கட்டி இரண்டு வாசலாகவே விட்டுவிட வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னான். வாகன நிறுத்தக் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். தலைவி கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூன்று மாதம் தருகிறேன், ஆனால் இந்த அம்மா இனி இதில் இருக்கக்கூடாது என்றார். அண்ணனைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கவும் செய்தார்.

தனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று அவள் காத்திருந்தாள். பதினோரு வருடத்துக்கு ஒரு வார்த்தை.

"சரிங்க," என்றான்.

குழு கிளம்பியது. லாரியிலிருந்து இரும்பு முட்டுகள் இறங்கின. வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே அவள் தனியாக நின்றாள். கட்டடம் பிழைத்துவிட்டது, அதற்குச் சந்தோஷப்படக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அண்ணியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நான் நின்னேன், சொல்லிட்ட. மேஸ்திரி நின்னிருந்தா?"

உள்ளே மேஸ்திரி முதல் முட்டுக் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் போய்த்தானே ஆகவேண்டும். அண்ணன் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் தலையை நிமிர்த்தி மேலே ஒருமுறை பார்த்துவிட்டு வளைவுக்குக் கீழே போனார்கள்.

"சொல்லியிருப்பேன்னு சொல்லத்தான் ஆசை அண்ணி," என்றாள். "தெரியல."

அண்ணி தலையை ஆட்டினாள். உள்ளே இருக்கும் இரண்டு பேரும் வெளியே வரும்வரை இருவரும் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.