பரணுக்குப் பின்னால் மூச்சு

பார்ப்ரோ வந்து சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. ஸ்வார்ட்பெர்க் காட்டுப் பாதை முடிகிற இடத்தில் வேட்டைக் குழு நெருப்பு மூட்டி, குச்சிகளில் சாஸேஜ் குத்தி வாட்டிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மூஸ் மான் குண்டடிபட்டுக் கிடக்கிறது, இங்கே கொழுப்பு சொட்டச் சொட்டத் தின்கிறார்கள் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினாள்.

அடிபட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. தடம் எடுக்கத் தெரிந்த நாயோடு ஆள் வர வேண்டும். அதுவரை யாரும் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் அந்த ஆள், பதினாறு வருடமாக, பார்ப்ரோதான். நாயின் பெயர் டுஸ்ஸா. சாம்பல் நிறப் பெட்டை.

"காபி?" என்றான் குழுத் தலைவன் ஸ்டெல்லன்.

"முதல்ல விஷயத்தச் சொல்லு."

ஸ்டெல்லன் சொன்னான். காலை ஏழு நாற்பதுக்கு யால்மர் தன் பரணிலிருந்து ஒரு மான் கன்றைச் சுட்டான். ஒரே குண்டு, விழுந்த இடத்திலேயே செத்தது. எட்டேகாலுக்கு ஒரு இளம் ஆண் மான் காட்டுச் சாலையைக் குறுக்கே கடந்து ஓடியது. ஸ்டெல்லன் இரண்டு முறை சுட்டான், இரண்டும் தவறிவிட்டது. ஒன்பதரைக்குக் கன்றை இழுத்து வர உதவிக்குப் போன கென்னெட், பரணுக்கு எண்பது அடி வடக்கே ஒற்றையடிப் பாதையில் ரத்தம் பார்த்தான். ரத்தத்தோடு பச்சையாகக் கூழ் மாதிரி ஏதோ.

"வயித்துல பட்டிருக்கு," என்றாள் பார்ப்ரோ.

"அதான். யால்மரோட குண்டு கன்னுக்குட்டியத் துளைச்சிட்டுப் பின்னாடி நின்னதுலயும் பாஞ்சிருக்கு. உப்புக்கல்லச் சுத்தி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தானே நிக்கும்."

"உப்பு வியாபாரிக்கு இன்னிக்கு ஒரு குண்டுல ரெண்டு உருப்படி," என்றான் கென்னெட். இரண்டு பேர் சிரித்தார்கள்.

யால்மர் நெருப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். அறுபத்து மூன்று வயது. ஒரு தோட்டா மட்டுமே போடக்கூடிய பழைய துப்பாக்கி முழங்கால்மேல் கிடந்தது. அவன் ஓடுகிற மானைச் சுட மாட்டான், நாய் விட்டுத் துரத்த மாட்டான். மரத்தால் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்து, கீழே வைத்த உப்புக்கல்லை நக்க மான் வரும்வரை காத்திருப்பான். தனியாக, பக்கவாட்டில், அசையாமல் நின்றால் மட்டும் சுடுவான்.

பார்ப்ரோவுக்கு அது அறவே பிடிக்காது. நாயும் மனுஷியும் மூச்சிரைக்க ஓடி, மானும் தப்பிக்க வழி உள்ளபோது செய்வதுதான் வேட்டை. சாப்பிடக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொல்வதற்கு வேறு பெயர் உண்டு. இதை அவனிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறாள்.

"பின்னாடி எதுவும் நிக்கல," என்றான் யால்மர். "தாய் முன்னாடியே போயிடுச்சு. கன்னுக்குப் பின்னாடி மண்மேடு. அதுக்காகத்தான் இருபது நிமிஷம் காத்திருந்தேன்."

"இருபது நிமிஷம் தூங்கியிருப்ப," என்றான் கென்னெட்.

"பார்ப்ரோ, எட்டே முக்காலுக்குப் பரணுக்குப் பின்னாடி, தெற்குப் பக்கச் சின்ன மரங்களுக்குள்ள ஏதோ மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. கனமா, இழுத்து இழுத்து. கண்ணுக்குத் தெரியல, அதனால சுடல. வாக்கி-டாக்கில சொன்னேன்."

"உன் குறட்டைய நீயே கேட்டிருப்பேன்னு நாங்களும் சொன்னோம்," என்றான் கென்னெட்.

"அது வடக்க, சாலைப் பக்கமிருந்து வந்திருக்கு," என்றான் யால்மர் அவளிடம். " நீ தெற்க பாரு."

ஸ்டெல்லன் பார்ப்ரோவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "சாப்பாட்டுக்கு முன்னாடி கை தூக்கி ஓட்டுப் போட்டுட்டோம். நாலு பேர். இதோட அவன் குழுவுல இல்ல. நீ மானக் கண்டுபிடிச்சதும் முறைப்படி சொல்லிடுவேன்."

யால்மருக்கு இந்தக் காட்டைத் தவிர வேட்டையாட வேறு இடம் கிடையாது. சொந்த நிலம் இல்லாதவனுக்குக் குழுவில் இடம் போனால், துப்பாக்கியை அலமாரியில் பூட்டிவிட வேண்டியதுதான். அது பார்ப்ரோவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அப்போது இரக்கம் வரவில்லை.

"உன் ரெண்டு குண்டு போன எடத்தப் பாத்தியா?" என்று மட்டும் ஸ்டெல்லனைக் கேட்டாள்.

"பாத்தேன். சுத்தமா ஒண்ணுமில்ல."

பதினொன்று ஐந்துக்கு ரத்தம் கிடந்த இடத்தில் டுஸ்ஸாவை நீண்ட வாரில் கட்டி இறக்கினாள். அந்த வருடத்தின் முதல் உறைபனி. தரை இறுகிக் கிடந்தது, குளம்பு போன திசை தெரியவில்லை. பரணைத் திரும்பிப் பார்த்தாள். குண்டு அங்கிருந்து வந்தது என்றால் மான் அதை விட்டு விலகித்தான் ஓடியிருக்கும். வடக்கே.

டுஸ்ஸா தெற்கே திரும்பியது. பார்ப்ரோ வாரை இழுத்து வடக்கே விட்டாள். பத்தடி போனதும் நாய் நின்று மறுபடி திரும்பிப் பார்த்தது. "அங்க செத்த கன்னு வாசனை, அதுக்கா அலையற?" என்று அதட்டினாள். நாய் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது.

தடம் இருந்தது. புல் நுனியில் ஒரு சொட்டு, அடுத்த முப்பதடிக்கு ஒன்றுமில்லை, பிறகு ஒரு வேரில் பச்சைக் கூழ். அதன் நாற்றம் உறைபனியிலும் மூக்கில் ஏறியது. சதுப்பு நிலத்தில் மான் சுற்றிச் சுற்றி நடந்திருந்தது. அங்கேயே ஒரு மணி நேரம் போயிற்று. முழங்கால்வரை தண்ணீர். ஒவ்வொரு அடியிலும் அவள் உப்புக்கல்லைத் திட்டினாள், யால்மரைத் திட்டினாள்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு மரங்கள் விலகின. எதிரே காட்டுச் சாலை. சாலையோரம் பாசியின்மேல் இரண்டு காலித் தோட்டாக்கள் பளபளத்தன.

பார்ப்ரோ குனிந்து தேடினாள். சாலைக்கு இந்தப் பக்கம், பத்தடி உள்ளே, ஒரு கற்றை மயிர். பக்கத்தில் கட்டைவிரல் அளவு எலும்புச் சில்லு. ஓடுகிற மானைப் பின்னாலிருந்து சுட்டால் விழுகிற சில்லு அது. இங்கே குனிந்து பார்த்த எவனுக்கும் தெரியாமல் போயிருக்காது. ஸ்டெல்லன் சாலையில் நின்றபடியே எட்டிப் பார்த்திருப்பான், பூட்ஸ் நனையாமல்.

தடம் இங்கே முடியவில்லை. இங்கேதான் தொடங்கியது. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக அவள் மானை விட்டு விலகி, அது வந்த வழியே பின்னோக்கி நடந்திருக்கிறாள். பதினாறு வருட அனுபவம். நாய் சொன்னது. பரணில் இருந்தவனும் சொன்னான்.

நாயைத் தெற்கே திருப்பிவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது டுஸ்ஸாவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பரணுக்குத் தெற்கே, நெருக்கமான இளம் ஊசியிலை மரங்களுக்குள், இருநூறு அடி தூரத்தில் அந்த ஆண் மான் படுத்திருந்தது. பின்னங்கால் தொடையோடு நொறுங்கி, வயிற்றுப் பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பிசுபிசுத்தது. தலையை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தது. எழ முயலவில்லை. மூச்சு கனமாக, இழுத்து இழுத்து வந்தது, யால்மர் சொன்னபடியே.

சுட்டாள். மணி ஒன்று முப்பத்தி இரண்டு.

வயிற்றைத் திறந்தபோது வந்த வாடையில் உதவிக்கு வந்த கென்னெட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்பாதி இறைச்சி தின்ன ஆகாது. பார்ப்ரோ கையை உள்ளே விட்டுத் துழாவி நசுங்கிய குண்டை எடுத்தாள். யால்மரின் பழைய துப்பாக்கிக் குண்டு பருமனானது. இது அதில் பாதிகூட இல்லை. கென்னெட் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முதல் முறையாக அவனிடம் நக்கல் எதுவும் இல்லை.

நெருப்பருகே அவள் குண்டை ஸ்டெல்லனுக்கு முன்னால் கல்மேல் வைத்தாள்.

"குண்டக் காத்து தள்ளியிருக்கும்," என்றான் ஸ்டெல்லன். "ஓடுற மான். யாருக்கும் நடக்கும்."

"நடக்கும். சுட்டதுக்கு நான் எதுவும் சொல்லல. பாக்காம தவறிடுச்சுன்னு சொன்னியே, அதான் நாறுது. அதுக்கப்புறம் அத அவன் தலையில கட்டினது அதவிட."

"சரி, நீ அனுப்புற அறிக்கைப் படிவத்துல சுட்டவர் தெரியலைன்னு போடு. பதினெட்டு வருஷமாத் தலைவனா இருக்கேன், பார்ப்ரோ."

அவள் காரின் முன்மூடியில் படிவத்தை விரித்தாள். கைகளை ஓடையில் மூன்று முறை கழுவியும் நகத்தடியில் வாடை போகவில்லை. சுட்டவர்: ஸ்டெல்லன். இரண்டு குண்டு, ஓடும் மான். சுட்ட இடம் பரிசோதிக்கப்படவில்லை. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதினாள்: தடம் எடுப்பவர் எதிர்த் திசையில் சென்றார். ஒரு மணி ஐம்பது நிமிடம். யால்மர் சரியான திசையைச் சொல்லியிருந்தார். அவர் வேட்டையாடும் முறை பிடிக்காததால் நான் நம்பவில்லை.

எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். சாஸேஜ் ஒன்று நெருப்பில் விழுந்து கருகியது, யாரும் எடுக்கவில்லை.

"என் கைய நான் இறக்கிக்கிறேன்," என்றான் கென்னெட். மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். ஸ்டெல்லன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு தன் காருக்குப் போய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

சாட்சிக் கையெழுத்துக்காகப் படிவத்தை யால்மரிடம் கொடுத்தாள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தான்.

"ஒண்ணு விட்டுட்ட," என்றான்.

"என்ன?"

"நாய் ரெண்டு தடவ தெற்க திரும்புச்சு. நீ இழுத்த. இங்கேருந்தே தெரிஞ்சுது."

பார்ப்ரோ படிவத்தை வாங்கி அதையும் எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

"உப்புக்கல் அங்கேயேதான் இருக்கும்," என்றான்.

"இருக்கட்டும். எனக்கு அதப் பாத்தா இன்னமும் குமட்டுது."

"குமட்டட்டும். நாளைக்கு ஆறு மணிக்குப் பரணுல இருப்பேன். கூப்பிட்டா வா. வந்தா, சொல்றதக் கேளு."

அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் கன்று தொங்கிய மரத்தை நோக்கி நடந்தான். டுஸ்ஸா அவன் பின்னாலேயே பத்தடி போனது. பார்ப்ரோ அதைக் கூப்பிடவில்லை.