விதை வெந்த கதை

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. அக்கா எழுதச் சொன்னாள். கனவில் ஒரு வரி வந்தது, விழித்ததும் எழுத உட்கார்ந்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது ஒரு போன். தோட்டத்தில் கடைசிப் பறிப்பு முடிந்ததை ஒரு கதையாக எழுது, சீக்கிரம் எழுது என்றாள். என்ன அவசரம் என்றேன். விதைப்பதற்குள் வேண்டும் என்றாள்.

2

முதல் தொடக்கம்: பருவத்தின் கடைசிக் காலையில் தோட்டம் களைத்துப்போய்...

(விட்டுவிட்டேன். களைத்தது அக்காவும் அத்தானும்தான். தோட்டம் சும்மா இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: அக்காவும் அத்தானும் சின்னதாக ஒரு காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். பருவம் முடியும் நாளில் அங்கே ஒரு சட்டம் உண்டு. வெடித்த தக்காளி, கோணல் கேரட், கட்டைவிரல் அளவோடு நின்றுபோன பூசணிப் பிஞ்சு, விற்காத எல்லாம் ஒரே பானைக்குள் போகும். சமையலறை டப்பாக்களும் அன்றே காலியாக வேண்டும். மறுநாள் ஊறுகாய் போட அவை தேவை. சட்டம் போட்டவர் அத்தான்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

3

அத்தான் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

எந்த பீன்ஸ் கொடி முதலில் காய்க்கிறதோ அதை மட்டும் பறிக்காமல் முற்றவிட்டு, அந்த விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பார். பல வருடமாக இதே வேலை. இப்போது அக்கம்பக்கத்தில் பூ வரும்போது இவர் கொடியில் காய் தொங்கும். அப்பேர்ப்பட்ட மனிதர், கொட்டகையில் எலி வந்ததும் விதை டப்பாவைத் தூக்கிச் சமையலறை அலமாரியில் வைத்தாராம். யாரிடமும் சொல்லவில்லையாம். பேர் எழுதி ஒட்டவும் இல்லையாம். அதெல்லாம் மறதிக்காரர்களுக்கு என்பது அவர் கட்சி.

வாசகர் நம்புவாரா என்று அக்காவிடம் கேட்டேன்.

"நம்பாதவங்களை ஒரு வாரம் அவரோட குடித்தனம் பண்ணிப் பார்க்கச் சொல்லு" என்றாள்.

4

போன வருடத்து மிச்சம் என்று நினைத்து, கடைசிப் பறிப்புக்கு முந்தின நாளே அந்த டப்பாவில் இருந்த பீன்ஸை ஊறவைத்துவிட்டாள் அக்கா. கூடவே கொட்டிய சாம்பலைத் தூசி என்று கழுவிவிட்டாள். மறுநாள் எல்லாம் சேர்ந்து பானையில் கொதித்தது. அத்தான் இரண்டு தட்டு சாப்பிட்டார். பீன்ஸ் பதமாக வெந்திருக்கிறது என்று பாராட்டு வேறு. மூன்றாவது தட்டை அவர் நீட்டியபோது அக்கா காலி டப்பாவைக் கழுவ எடுத்திருந்தாள். அடியில் இன்னும் சாம்பல் படிந்திருந்தது. சாப்பிடும் பீன்ஸில் யாரும் சாம்பல் போடுவதில்லை. பூச்சி வராமலிருக்க, விதைக்குத்தான் போடுவார் அத்தான்.

(இங்கே அக்காவின் மனநிலையை ஒரு பத்தி வர்ணிக்கலாம் என்று இருந்தேன். மூன்றாவது தட்டையும் பரிமாறினாள். அது போதும்.)

சாம்பலில் ஒரே ஒரு விதை ஒட்டியிருந்தது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

5

முடிவுகள்.

அ) அக்கா அன்றே சொல்லிவிடுகிறாள். இது நடக்கவில்லை.

ஆ) கடையில் அதே நிறத்தில் விதை வாங்கி, சாம்பலும் தூவி, டப்பாவைப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறாள். இது நடந்துவிட்டது.

இ) அத்தானுக்கு எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி...

இதைப் பற்றித்தான் அக்கா மறுபடி போன் செய்தாள். "தினமும் டப்பாவை எடுத்துக் காதுகிட்ட வச்சுக் குலுக்குறார்டா. திறக்க மட்டும் மாட்டேங்கிறார்."

திட்டுவாரென்று அவளுக்குப் பயமில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் பீன்ஸே போடாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். அதை அவளால் தாங்க முடியாது. எனக்கும் அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

6

நேரில் சொல்லிவிடேன் என்றேன்.

"வாய் வரல. நீ எழுது. உன் கதையைக் கடைசி வரைக்கும் படிக்கிறது அவர் ஒருத்தர்தானே."

உண்மைதான். கொஞ்சம் வலித்தது.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. அத்தான், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது அக்கா அடுப்படியில்தான் இருப்பாள். ஏற்கெனவே துடைத்த மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். முந்தானை முடிச்சில் ஒன்று பாக்கி இருக்கிறது. எழுந்து போய்க் கையை நீட்டுங்கள்.