ஒளிவதா, கத்துவதா

ரேடாரின் கண்ணில் படாத விமானம் என்று பேப்பரில் போடுகிறார்கள். பேப்பர்காரன் எதைத்தான் போடமாட்டான். கண்ணிலேயே படாத விமானம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கொஞ்சமாகப் படுகிற விமானம் உண்டு. அந்தக் கொஞ்சத்தைக் கொஞ்சமாகவே வைத்திருக்க ஒரு ஆள் முகமூடி மாட்டிக்கொண்டு, அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்து, கைவலிக்கப் பூச்சு பூச வேண்டும். பறந்துவிட்டு வந்தால் மறுபடி பூச வேண்டும். மழையில் நனைந்தால் மறுபடி. எவனாவது ஸ்பேனரைத் தவறவிட்டுச் சுரண்டிவைத்தால் மறுபடி. பூச்சென்றால் சும்மா பெயிண்ட் இல்லை. வந்து விழுகிற ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாமல் உள்ளேயே குடித்துவிடுகிற சரக்கு.

அதைப் பூசுகிற ஆளைப் படைத்தளத்தில் எல்லாரும் 'மேக்கப்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

பெயர் வைத்தவர் அவருடைய சகலை. அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். ஒரே தளத்தில் வேலை, ஒரே குடியிருப்பில் மேல்வீடு, கீழ்வீடு. சகலைக்கு வேறு பட்டறை. எதிரியின் ரேடாரைக் குழப்பும் ஜாமர் பெட்டிகளை அங்கே பழுது பார்த்தார்கள். பெட்டியைப் போட்டுவிட்டால் எதிரியின் திரை முழுக்க இரைச்சலை அள்ளிக் கொட்டிவிடும். விமானம் எங்கே இருக்கிறது என்று அவன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். மேக்கப் சும்மா இருப்பாரா? சகலைக்கு 'லவுட்ஸ்பீக்கர்' என்று வைத்தார். அதுவும் ஒட்டிக்கொண்டது.

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே சண்டை. பெண்களுக்கு அது மனப்பாடம்.

"திருடப் போறவன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டா போவான்?" என்பார் மேக்கப். "உன் பெட்டியைப் போட்ட உடனே ஒருத்தன் வர்றான்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சே."

"வர்றான்னு தெரியும் அண்ணே, எங்கேன்னு தெரியாதே. கண்ணுல மண்ணைத் தூவிட்டா எதைப் பார்த்துச் சுடுவான்?"

"கிட்டப் போனா உன் இரைச்சலையும் மீறித் தெரியும்யா."

"உங்களுது மட்டும் என்னவாம்? நேர்ல வந்தா ஒளியும், பக்கவாட்டுல திரும்பினா பல்லைக் காட்டும். பழைய காலத்து நீள அலை ரேடார் ஒண்ணு இருந்தா போதும், உங்க மேக்கப்பெல்லாம் கலைஞ்சு போயிடும். மழைக்கு ஒதுங்குற விமானத்தை நான் இங்கதான் பார்த்தேன்."

"முழுங்கிட்டுச் சண்டை போடுங்க, ஆறுது" என்பாள் மேக்கப்பின் மனைவி. அதோடு அன்றைக்கு முடியும். மறுநாள் விட்ட இடத்தில் தொடங்கும்.

இந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் சகலையின் மகள். மேக்கப்புக்குப் பிள்ளை கிடையாது. அவள் பாதி நாள் மேல்வீட்டில் சாப்பிட்டு, பாதி நாள் கீழ்வீட்டில் தூங்கி, இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கி வளர்ந்தாள். வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். வாண்டு போர் விமானம் ஓட்டுகிறவளாகி, தோளில் பட்டையோடு இதே தளத்துக்கு வந்தபோதும் வாண்டுதான். "நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும் பெரியப்பா" என்பாள்.

அந்த வருஷம் எல்லையில் ஒரு சண்டை முடியவும் மாட்டாமல் வளரவும் மாட்டாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. மேலே யாருக்கோ ஞானம் பிறந்தது. ஒளிவதா கத்துவதா என்று எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும், ஒளிகிற விமானத்துக்குள்ளேயே கத்துகிற பெட்டியையும் வைத்துவிட்டால் போயிற்று! காகிதத்தில் எதையும் எதற்குள்ளும் வைக்கலாம். இங்கே பெட்டியை வைக்க வயிற்றுத் தகட்டைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பூச்சு உடையும். பெட்டியை உள்ளே தள்ளித் தகட்டை மூடி, விளிம்பைச் சுற்றி இடுக்கை அடைக்கிற பட்டி வைத்து, அது கல்லாகக் காய்ந்த பிறகு மேலே பூச வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் பட்டி லேசில் காயாது. அந்த வாரம் முழுக்கத் தூறல்.

அன்று காலை மேக்கப் விமானத்தின் அடியில் ஊர்ந்து போய்ப் பட்டியில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கியது. வேறு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் இறங்கியது. சூட்டு விளக்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாகிவிட்டது. மேல்தோல் இறுகியிருந்தது, உள்ளே களிதான். வேகத்தில் போகும்போது காற்று இதைப் பிய்த்தால் விளிம்பு வாயைப் பிளக்கும். பிளந்த விளிம்பு ரேடாரைப் பார்த்து இளிக்கும்.

வெளியே ஊர்ந்து வந்தால் பெரிய அதிகாரி நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தூங்கிப் பல நாளான முகம்.

"மதியம் கிளம்பணும். அந்தப் பக்கம் புதுசா என்ன கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்கன்னு படம் எடுத்துட்டு வரணும். ரெண்டு பட்டறையும் சரின்னு சொன்னா நான் மேலே சொல்லிடுவேன். ஓட்டப்போறது யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"உங்க பட்டறையை மூடிடலாமான்னு மேலே பேசிட்டிருக்காங்க. ஊர் பூரா தூறுது, பூச்சு காயலைன்னு சொல்லி இன்னிக்கும் நின்னா..." அவர் முடிக்கவில்லை. "மதியத்துக்குள்ள சொல்லுங்க."

மேக்கப் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். பட்டியை முழுக்க உரித்து மறுபடி வைப்பதை நினைத்தாலே தோள் இரண்டும் விட்டுப்போயின. உரித்தாலும் மதியத்துக்குள் ஆகாது. ஆகாது என்று சொன்னால் பட்டறை போகும். இத்தனை வருஷம் மேசையைத் தட்டிப் பேசிய பேச்சும் போகும். இப்படியே விட்டால் வாண்டு போவாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. உள்ளே பெட்டி இருக்கிறதே! விளிம்பு கொஞ்சம் இளித்தால்தான் என்ன, சகலையின் பெட்டி கத்தி அதை மூடிவிடாதா? இந்த நினைப்பைச் சகலை கேட்டிருந்தால் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சிரித்திருப்பான். கேட்கவில்லை, அதுவரை நல்லது. சரி என்று சொல்லிவிடலாம் என்றே எழுந்தார். எழுந்தவருக்கு மனசு ஒப்பவில்லை. எதற்கும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று ஜாமர் பட்டறைப் பக்கம் நடந்தார்.

லவுட்ஸ்பீக்கர் மேசை முன்னால் தனியாக இருந்தார். அதே மாதிரிப் பெட்டி ஒன்று, விமானத்துக்குள் இருப்பது போலச் சுற்றிலும் தகரம் அடைத்து, மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல் அதன்மேல் கையை வைத்திருந்தார்.

"என்னய்யா, நல்லாக் கத்துதா?"

"என் பெட்டி கத்துதான்னு நீங்க என்னிக்கு அண்ணே கவலைப்பட்டீங்க?"

"சும்மாதான்."

"ஓகோ." சகலை கையை எடுக்கவில்லை. "உங்க பட்டி? கெட்டிப்பட்டிடுச்சா?"

"நீ எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசைமேல் இருந்த பெட்டி ஒரு கிளிக் சத்தம் போட்டுத் தானாக நின்றது. பச்சை விளக்கு அணைந்தது.

"நீ நிறுத்தினியா?"

"இல்ல அண்ணே. அதுவா நின்னுக்குது. எப்பவும் றெக்கைக்கு அடியில காத்துல தொங்குற பெட்டி. கொண்டுபோய் உங்க வயித்துக்குள்ள அடைச்சு வச்சிருக்கோம், காத்து போக வழியில்ல. வெந்து போகுது. கொஞ்ச நேரம் கத்துது, வாயை மூடிக்குது. சூடு ஆறினா மறுபடி கத்துது. எப்ப மூடும்னு எனக்கே தெரியல."

"அதிகாரிகிட்ட என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்."

"யோவ்! உன் பொண்ணுய்யா!"

"கத்தாதீங்க. என் பொண்ணுதான். நீங்க பூசியிருக்கீங்களேன்னுதான் சொன்னேன். பெட்டி செத்துப்போனாலும் உங்க பூச்சு அவளை மறைச்சுக் கொண்டு வந்துடும்னு இருந்தேன்."

மேக்கப் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நகம் இறங்குதுய்யா."

"எங்க?"

"எல்லா இடத்துலயும். நானும் சரின்னு சொல்லத்தான் இருந்தேன். உன் பெட்டி கத்தும்னு."

லவுட்ஸ்பீக்கர் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். "இத்தனை வருஷமா என் பெட்டி தண்டம்னு சொன்னீங்களே அண்ணே."

"நீ மட்டும் என்ன? என் பூச்சைக் கிழிகிழின்னு கிழிச்சே."

"அது பேச்சுக்குச் சொல்றது. நீங்களும் அப்படித்தானே?"

"இல்லய்யா. நான் நிஜமாவே சொன்னேன்" என்றார் மேக்கப். "இன்னிக்குக் காலையிலதான் மாத்திக்கிட்டேன்."

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் தெம்பில்லை. எழுந்து அதிகாரியின் அறைக்கு நடந்தார்கள். வழியில், பறக்கிற உடுப்போடு தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு வாண்டு எதிரே வந்தாள்.

"அட, ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து வர்றீங்க! யாரு செத்தா?"

"யாரும் சாகலை. நீ உள்ள வா" என்றார் அவள் அப்பா.

அதிகாரி தலை நிமிர்ந்தார். மேக்கப்தான் பேசினார். "விமானம் தயாரில்ல சார்."

"எது? பூச்சா, பெட்டியா?"

"ரெண்டும்."

அதிகாரி கத்துவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் லவுட்ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். "பெட்டி சரின்னு காலையில சொன்னீங்களே."

"சொன்னேன் சார். தப்பு" என்றார் லவுட்ஸ்பீக்கர்.

"வேற விமானம்?"

"பெட்டி வச்சது இது ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் மழையில உரிஞ்சு கிடக்கு" என்றார் மேக்கப்.

அதிகாரி தொலைபேசியை எடுத்தார். வேறொரு தளத்தைக் கூப்பிட்டார். ஆமாம், இன்றைக்கேதான் என்றார். என்ன இருக்கிறதோ அதை அனுப்புங்கள் என்றார். போகிறவனின் பெயரை அந்தப் பக்கம் சொல்ல, இவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். வாண்டின் முகம் மாறியது அப்போதுதான்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் பேசவில்லை. மேக்கப்பிடம்தான் திரும்பினாள்.

"படம் எடுக்கப் போற வேலையே நின்னுடும்னு நினைச்சீங்களா பெரியப்பா?"

"நீ போகக் கூடாதுன்னு நினைச்சேன்."

"என்கூடப் பயிற்சியில இருந்தவன் போறான். அங்க இருக்குறது பழைய விமானம். பூச்சும் கிடையாது, பெட்டியும் கிடையாது. நான் காயாத பூச்சோட போயிருந்தாக்கூட அவனைவிட எனக்கு..." நிறுத்திக்கொண்டாள். "அந்தத் தளத்துல அவனுக்குப் பெரியப்பா யாரும் இல்ல."

"தயாரில்லாததைத் தயார்னு சொல்லச் சொல்றியா?"

"இல்ல. சொன்னது சரிதான்" என்றாள். "சரிங்கறதால எனக்கு ஆறுதலா இருக்கணுமா?" தலைக்கவசத்தைக் கை மாற்றிக்கொண்டு வயர்லெஸ் அறைக்குப் போய்விட்டாள்.

மேக்கப்புக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் கீழே நிற்கிறாள், உயிரோடு நிற்கிறாள் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அவருக்கே அசிங்கமாக இருந்தது. அவரால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் பெரியப்பாதானே, நாட்டுக்கெல்லாம் காவல்காரரா.

சாப்பிடப் போகாமல் இருவரும் விமானத்தின் அடியில் போய்ப் படுத்தார்கள். மேக்கப் களியாகக் கிடந்த பட்டியைச் சுரண்டி எடுத்தார். லவுட்ஸ்பீக்கர் தகட்டை இறக்கிப் பெட்டியை வெளியே இழுத்தார். விமானத்துக்கடியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து வேலை பார்த்தது அன்றுதான். ஒளிவதா கத்துவதா என்று யாரும் பேச்செடுக்கவில்லை.

மதியம் தாண்டித் தூரத்தில் ஒரு விமானச் சத்தம் கேட்டது. இடமிருந்து வலமாகப் போய் எல்லைப் பக்கம் தேய்ந்தது. இரண்டு பேரும் கையை நிறுத்தி, அது அடங்கும் வரை கிடந்தார்கள். பிறகு மேக்கப் ஊர்ந்து வெளியே போய், பக்கத்தில் இரைந்துகொண்டிருந்த, பூச்சுக்குக் காற்றடிக்கும் கம்பிரஸரை அணைத்தார். விமானக் கொட்டகை நிசப்தமானது.

"திரும்பி வந்தாலும் அது இந்தப் பக்கம் வராது அண்ணே" என்றார் லவுட்ஸ்பீக்கர் அடியிலிருந்து. "அதோட தளத்துக்குத்தான் போகும்."

"தெரியும்யா."

கம்பிரஸர் இல்லாமல் பூச்சு வேலை நடக்காது. அதுவும் அவருக்குத் தெரியும். அணைத்தது அணைத்தபடி இருக்க, கையில் சுரண்டியோடு வாசல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.