சுவரில் என் பெயர்

பெருந்தெருவுக்குள் நுழைந்ததுமே சுவரில் என் பெயரைப் பார்த்தேன். கறுப்புக் கட்டம் போட்ட சாவு அறிவிப்பு. நடுவில் கொட்டை எழுத்தில் 'காஸ்பரே குல்காசி'. ஒட்டிய பசைகூடக் காயவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் கப்பலில் வந்த டச்சுக்காரக் கூட்டம் நின்றிருந்தது. எங்கள் துறைமுக ஊரான த்ராபனி முழுவதையும் முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்கு ஓட வேண்டியவர்கள். வழிகாட்டி நான். குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கூண்டைப் பற்றி தினமும் சொல்லும் வேடிக்கைக் கதையைப் பாதி சொல்லியிருந்தேன். மீதியை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்து ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தேன். சாவு எதிரில் வந்தால் இரும்பைத் தொட வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

நான் சாகவில்லை. அப்படியென்றால் செத்தது அதே பெயர்க்காரன் 'மாவு'!

எங்கள் ஊரில் முதல் பையனுக்குத் தாத்தா பெயர்தான். எங்கள் தாத்தா காஸ்பரேயின் மகன்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல அதையே வைத்துவிட்டார்கள். பட்டப்பெயர் இல்லாவிட்டால் எங்களை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் 'குடை'. என் சித்தப்பா மகன் 'மாவு'. தெருக்கோடியில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறான்.

ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த எங்களுக்குள் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. என் கூட்டத்தை எதிர்க்கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவனுக்குக் கோபம். அவன் கடையில் கழிப்பறை கிடையாது, நான் என்ன செய்ய? கப்பலிலிருந்து இறங்கும் கிழவர்கள் முதலில் கேட்பதே அதுதான். இந்த அற்ப விஷயத்துக்காக அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், நானும் திருப்பிக்கொண்டேன்.

கூட்டத்தை இழுத்துக்கொண்டு அவன் கடைக்கு ஓடினேன். இரும்புக் கதவு இறக்கியிருந்தது. ஈஸ்டர் அன்றுகூடக் கொஞ்ச நேரமாவது கடை திறக்கிறவன் அவன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பூப் போட்ட சட்டை அணிந்த ஒரு டச்சு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, இங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நான் மூடிய கதவைக் காட்டினேன். பாவம், அதையும் படம் எடுத்துக்கொண்டாள்.

"டேய் குடை!"

திரும்பினேன். உடம்பெல்லாம் மாவு அப்பிய ஏப்ரனோடு அவன் ஓடி வந்துகொண்டிருந்தான். நான் எழுந்து நின்றேன்.

"நீ சாகலையாடா?" என்றான் அவன்.

"அதை நான் கேக்கணும்டா!"

"காலைல நோட்டீஸைப் பாத்தேன். அடுப்புல ரொட்டியை அப்படியே போட்டுட்டு உன் வீட்டுக்கு ஓடினேன். உன் பொண்டாட்டி கதவைத் தொறந்ததும் கட்டிப் பிடிச்சு அழுதேன். காலைலயே குடிச்சிருக்கியான்னு கேட்டு விளக்குமாத்தால ஒண்ணு போட்டா!"

கட்டிக்கொண்டோம். அழுதோமா சிரித்தோமா தெரியவில்லை. அவன் என் தோளில் கை போட்டு, "வா, அந்த நோட்டீஸ்கிட்ட போய் நம்ம ரெண்டு பேரும் நிப்போம். இவங்க படம் எடுக்கட்டும்" என்றான். அறிவிப்பின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக நின்று பல்லைக் காட்டினோம். நான் செத்தவனைப்போல நாக்கைத் தள்ளினேன். அவன் எனக்குச் சிலுவைக் குறி போட்டான். டச்சுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் மாவு கேட்டான்.

"அது சரி, அப்ப செத்தது யாருடா?"

இருவரும் குனிந்தோம். முதலில் பெயரைப் பார்த்ததும் இருவருக்குமே அடுத்த எழுத்து கண்ணில் ஏறியிருக்கவில்லை. கீழே சின்னதாக ஒரு வரி இருந்தது: 'பெல்ஜியத்தில் காலமானார்'.

நாங்கள் மூன்று பேர். வீத்தா பெரியம்மாவின் மகன், மூன்றாவது காஸ்பரே. பதினாறு வயதில் அப்பா அம்மாவோடு பெல்ஜியத்துக்குச் சுரங்க வேலைக்குப் போனவன். எங்களோடு அதே கட்டிலில், சுவரோரமாகப் படுத்தவன். பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தாள். அவனை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மறந்துபோயிருந்தோம். அவனுக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்ததில்லை.

தலைக்கு மேலே ஜன்னல் கிறீச்சிட்டது. அப்போதுதான் அது யாருடைய வீட்டுச் சுவர் என்பது உறைத்தது. பெரியம்மா கறுப்பு உடையில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

மாவு தொப்பியைக் கழற்றினான். "பெரியம்மா, நாங்க... எங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாளைக்குப் பெட்டியில வர்றான். உங்களுக்குச் சொல்லி அனுப்ப எனக்கு யாருடா இருக்கா? சுவத்துல பேரைப் பாத்தாலாவது ரெண்டு பேரும் வருவீங்கன்னு ஒட்டச் சொன்னேன்."

எங்கள் இருவரையும் விரலால் எண்ணினாள்.

"வந்துட்டீங்க. பெட்டியைத் தூக்க ஆள் வேணும்."

துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதியது. கூட்டம் என் குடையைப் பார்த்தது. என்னால் அதைத் தூக்க முடியவில்லை.