தொட்டிக்குப் போகும் நேரம்

வலது கை சட்டைக்குள் போகவில்லை. தெல்மிரா தம்பி நாஹூமின் விறைத்துப்போன முழங்கையை மடக்கிப் பார்த்தாள், தோளைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு எல்வியா கத்தரிக்கோல் கொண்டுவந்து சட்டையின் முதுகை நீளவாக்கில் வெட்டினாள்.

"முதுகுதானே. படுத்திருக்கும்போது யாருக்கும் தெரியாது."

கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. நல்ல துணியை இப்படி வெட்டுகிறாளே என்று தெல்மிராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து அவளுக்கு அப்படித்தான் இருந்தது. நாஹூம் இல்லை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. தாடையைக் கட்ட எந்தத் துணி, காலுறை எங்கே, ஈயை யார் ஓட்டுவது என்பதெல்லாம் ஏறியது.

அன்று சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்கு, ஊருக்கு மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவனை மூன்று முறை சுட்டிருந்தார்கள்.

பியெத்ரா பார்தா ஊரில் இருந்த நூற்றிருபது வீட்டுக்கும் தண்ணீர் திறந்துவிடுபவன் அவன்தான். மலையில் சுரங்கம் வந்த இரண்டாம் வருடம் ஓடை துருநிறமானது. பிள்ளைகளுக்குக் கையில் தோல் உரிந்தது. அவன் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, தலைநகரிலிருந்த மனித உரிமைக்காரர்களிடம் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தான். வெளிநாட்டிலிருந்து வந்த விசாரணைக் குழுவின் முன்னால் நின்று பேசினான்.

"ஊருக்கு வந்தது உனக்கு வரட்டுமே. உனக்கு மட்டும் எதுக்குடா இந்த வம்பு?" என்று தெல்மிரா சண்டை பிடிப்பாள்.

"நான் என்ன துப்பாக்கியாக்கா தூக்கிட்டுப் போறேன்? தண்ணி பாட்டில்."

மார்ச் மாதம் கதவிடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது. எழுத்து எதுவும் இல்லை, ஒரு சிலுவை மட்டும். அதற்குப் பிறகு அவன் தொட்டிக்குப் போகும் நேரத்தைத் தினமும் மாற்றினான். ஒருநாள் நாலு மணி, ஒருநாள் எட்டு மணி. மறுநாள் எத்தனை மணி என்பதை மனைவி ஒந்தினாவிடமும் அக்காவிடமும் மட்டும் சொல்லிவைப்பான்.

ஒந்தினா இப்போது அவன் காலடியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"ஆறு மணின்னு அவங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சிருக்கும்? உங்ககிட்டயும் என்கிட்டயும் மட்டும்தானே சொன்னாரு."

அவள் அக்காவைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சுவரைக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் தெல்மிராவின் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் வாசலில் வந்து நின்ற மோட்டார் சைக்கிள் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற இளைஞன். சீவிய தலை. மரியாதையான பேச்சு.

"மீதிப் பொத்தானையும் போடு தெல்மிரா" என்றாள் எல்வியா.

போட்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் சார்ஜெண்ட் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சவப்பெட்டியருகே கொஞ்சம் நின்றார். பிறகு தெல்மிராவை வாசலுக்கு அழைத்தார். தட்டச்சு செய்த தாள் கையில் இருந்தது.

"பக்கத்து நிலத்துக்கார அதாலித்துக்கும் உங்க தம்பிக்கும் வேலித் தகராறு இருந்துச்சு இல்லம்மா?"

"இருந்துச்சு. போன வருஷம்."

"அந்தத் தகராறுலதான் கொன்னான்னு எழுதியிருக்கோம். ஆளைப் பிடிச்சாச்சு. கூடப் பொறந்தவங்க நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது. அப்புறம் யாரும் உங்களை வந்து ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தவனைப் பற்றியும் கேட்கமாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அதாலித்தின் மனைவி நின்றிருந்தாள். சாவு வீட்டுக்குள் வரலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு தட்டு ரொட்டியைத் துணி போட்டு மூடி ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அந்த நேரத்துக்கு அவரு மாடு கறந்துட்டிருந்தாருக்கா" என்றாள் தெல்மிராவைப் பார்த்து. "நான் சொன்னா, பொண்டாட்டி சாட்சி செல்லாதுங்கறாங்க."

"நாளைக்கு வாங்க சார்" என்றாள் தெல்மிரா. "இன்னைக்கு எனக்குக் கை ஓடலை."

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தலைநகரிலிருந்து வக்கீல் லிசெத் வந்தாள். நாஹூமின் பாட்டில்களை வாங்கிவைத்தது அவள்தான். முழங்கால் வரை சேறு. பெட்டியின் மூடியில் கை வைத்தாள். பிறகு முற்றத்துக்கு வந்தாள். அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். சாவுக்கு வந்தவர்களுக்குக் காபி போய்க்கொண்டிருந்தது. கோப்பைகள் பற்றாமல் தெல்மிரா வீடு உட்பட அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் எடுத்துவந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க, இப்ப கேக்கறது தப்புதான்" என்றாள் லிசெத். "அதாலித்தை நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்திடுவாங்க. இந்த வாரம் ஊருக்குள்ள புது ஆளு யாராவது வந்தாங்களா? யாராவது நாஹூமைப் பத்தி விசாரிச்சாங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வந்தான்" என்றாள் தெல்மிரா.

தன் குரல்தான் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு. தண்ணி டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு, நாஹூம் அண்ணன் கையிலதான் குடுக்கணும்னான். ரிசல்ட் வந்துட்டா இவன் இதோட விட்டுட்டு வீட்டோட இருப்பான்னு நினைச்சேன். காலையில ஆறு மணிக்குத் தொட்டிகிட்ட இருப்பான்னு... நான்தான் சொன்னேன்."

லிசெத்தின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"நாஹூம்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். தம்பி வந்தப்ப நான் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன்."

ஒந்தினா பெஞ்சிலிருந்து எழுந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று தெல்மிரா நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். ஒந்தினாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வீட்டுக்குள்ள வந்தானா?" என்றுதான் கேட்டாள்.

"இல்லை. வாசல்லயே நின்னான். வெயில்ல வந்திருக்கானேன்னு காபி குடுத்தேன்."

"குடிச்சானா?"

"குடிச்சான். நல்லாருக்கும்மான்னான்."

"எதுல குடுத்தீங்க?"

தெல்மிராவின் நீல எனாமல் கோப்பைகள் பன்னிரண்டும் முற்றத்தில்தான் இருந்தன, வந்தவர்களின் கைகளில். அவன் குடித்தது எது என்று அவளுக்கே தெரியாது. அவள் பார்வை போன இடமெல்லாம் எல்லார் பார்வையும் போனது. முதலில் எல்வியா தன் கோப்பையைத் தரையில் வைத்தாள். பிறகு பெரியவர் ஒருவர் வைத்தார். கொஞ்ச நேரத்தில் நீலக் கோப்பை ஒன்றுகூட ஒருவர் கையிலும் இல்லை.

லிசெத் எழுதியதைப் படித்துக் காட்டினாள். தெல்மிரா கையெழுத்துப் போட்டாள். ஒன்பதாம் நாள் அதாலித் வெளியே வந்தார். அந்த இளைஞனை இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை. சீவிய தலையும் மரியாதையான பேச்சும் உள்ள இளைஞர்கள் அந்த நாட்டில் எத்தனையோ பேர்.

அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் தலை நிமிர்ந்தபோது ஒந்தினா முற்றத்தில் இல்லை. நீலக் கோப்பைகளும் இல்லை.

கொல்லைப்புறத்தில், துவைக்கும் கல்லருகே ஒந்தினா குனிந்திருந்தாள். சாம்பலும் சோப்பும் போட்டு ஒரு கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, வெளியே, கைப்பிடி, அடிப்பக்கம். கழுவியதையே மறுபடி தேய்த்தாள். தெல்மிரா நாலடி தள்ளி நின்றாள். பக்கத்தில் போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

வீட்டின் முன்பக்கத்திலிருந்து ஆண்களின் குரல் வந்தது. "பெட்டியைத் தூக்கலாமா? பாதிரியார் காத்திட்டிருக்காரு."

ஒந்தினா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கோப்பையைத் தண்ணீரில் அலசினாள். திரும்பிப் பார்க்காமலே அதைப் பக்கவாட்டில் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. நீர் சொட்டியது.

தெல்மிரா போய் வாங்கிப் பாவாடையில் துடைத்தாள்.

ஒந்தினா அடுத்த கோப்பையை எடுத்தாள்.