ஓடியவர்களின் மிச்சம்

நாங்கள் வாங்கிய மானிட்டரில் வேகமாக ஓடுகிறவர்கள் முழுதாகப் போய்விடுவதில்லை. கொஞ்சம் மிச்சம் இருப்பார்கள். வாங்கும்போதே கடைக்காரர் இதாயத்துல்லா பாய் இதைச் சொல்லிவிட்டார்.

குடியாத்தத்தில் அவர் கடையில்தான் மானிட்டர்களைப் போட்டுக் காட்டிவிட்டு விற்பார்கள். எனக்கு விளையாடுவதற்கு வேகமான திரை வேண்டும். என் மனைவி மங்கைக்குப் படம் பார்க்க நல்ல கறுப்பு வேண்டும். இருட்டுக் காட்சி சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அவளுக்குத் தலை வலிக்கும். பாய் முதலில் ஐபிஎஸ் பேனல் ஒன்றைக் காட்டினார். அதில் ஓடியவர்கள் சுத்தமாக ஓடிப்போனார்கள். ஆனால் இருட்டு வெளுத்திருந்தது. மங்கை உதட்டைப் பிதுக்கினாள். அடுத்து விஏ பேனல். அதன் இருட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்" என்றாள்.

"கறுப்பு நல்லா இருக்கும் சார்," என்றார் பாய். "ஆனா நிறம் மாற நேரமெடுக்கும். அதனால ஓடுறவங்க கொஞ்சம் மிச்சம் இருப்பாங்க. வீட்ல இடம் இருக்குல்ல?"

ஹால் பெரியதுதான் என்றேன்.

முதலில் படங்கள்தான் பார்த்தோம். ஒரு படத்தில் ரயில் ஒன்று வேகமாகப் போனது. கடைசிப் பெட்டியில் இருந்த அம்மாள் எங்கள் ஹாலில் மிச்சமானார். "காட்பாடி போயிடுச்சா?" என்று கேட்டார். மங்கை அவரைப் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏற்றிவிட்டாள். இன்னொரு படத்தில் குதிரை ஓடியபோது வால் மட்டும் சோபாவில் தங்கிவிட்டது. அதை என் மாமனார் ஈ ஓட்ட வைத்துக்கொண்டார்.

மாமனார் பொன்னுரங்கம் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடுதான் இருக்கிறார். நான் தீயணைப்பு நிலையத்தில் எழுத்தர். எங்காவது தீப்பிடித்தால் மற்றவர்கள் வண்டியில் ஏறுவார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வேன். ஆனாலும் மாமனார் தன் பழைய சிநேகிதர்களிடம், "நம்ம மாப்பிள்ளை நெருப்போட விளையாடுறவரு" என்றுதான் சொல்வார். நான் திருத்தியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமனாரும் மங்கையும் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். நான் போர் விளையாட்டு ஒன்றைப் போட்டேன். ஊர் எரிந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரையில் எங்களுக்காக ஹெலிகாப்டர் காத்திருந்தது. என்னோடு வந்த வீரர், தோளில் நீலப்பட்டை கட்டியவர், முழங்காலில் குண்டு பட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சார், ஒரு கட்டுப் போட்டு விடுங்க. வந்துடுறேன்," என்றார்.

மருந்துப் பை என் முதுகில்தான் இருந்தது. ஹெலிகாப்டரின் இறக்கை சுற்ற ஆரம்பித்தது. நான் ஓடுவதற்கான பட்டனை அழுத்தினேன். பிறகு விரலை எடுக்கவில்லை. அவர் எழுந்து நொண்டிக்கொண்டே என் பின்னால் ஓடிவந்தார். நான் ஏறிவிட்டேன். திரையில் 'வெற்றி' என்று வந்தது.

அவர் ஹாலில் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி கிடைக்குமா சார்?" என்று கேட்டார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த விளையாட்டில் என்னுடைய ஆளின் முதுகு மட்டும்தான் தெரியும். எனக்கே அப்படித்தான். அதனால் நான் அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

மாமனார் வந்ததும் வீரர் விறைத்து நிற்கப் பார்த்தார். "உக்காருப்பா," என்றார் மாமனார். "பேர் என்ன?"

"எனக்குப் பேர் வைக்கலீங்க ஐயா."

"எந்தப் பட்டாளம்?"

"நீலம்ங்க."

மாமனார் தலையசைத்தார். காலைப் பார்த்தார். "இப்படியே யாரு உன்னை விட்டுட்டுப் போனது?"

"மூஞ்சியைப் பாக்கலீங்க. முதுகுதான் பாத்தேன். மருந்துப் பை மாட்டியிருந்தாரு."

"மருந்துப் பையோடயா ஓடினான்?"

மாமனார் கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தார். "அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். அங்க என்ன சொல்லிக்கிட்டு இருக்கானோ," என்றார்.

நான் கத்தரிக்காய்களைப் பொறுக்கி எடுத்து, சொத்தை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் இல்லை.

வீரரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா காயத்தை அழுத்திப் பார்த்தார். "இது விளையாட்டுல பட்டது. நம்ம துணி ஒட்டாது. அந்த விளையாட்டு மருந்துப் பையில இருக்கிற துணிதான் வேணும்," என்று அனுப்பிவிட்டார். வீரர் எங்கள் ஹாலிலேயே ஒரு நாற்காலியில் தங்கினார். மங்கை ரசம் வைத்தால் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வலிக்கும்போது முனகமாட்டார், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார். அதற்கு அவர் முனகியிருந்தால்கூடத் தேவலாம் என்று எனக்கு இருந்தது.

நான் வீட்டுக்குள் யாருக்கும் முதுகு காட்டாமல் நடக்கக் கற்றுக்கொண்டேன். குளிக்கப் போவது, துணி காயப்போடுவது, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது எல்லாமே பின்னோக்கித்தான். மங்கை நான் வரும் வழியில் இருந்த ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அதற்கு மேல் முடியாமல் பாய்க்குப் போன் செய்தேன். அவர் வந்து மானிட்டரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"நூத்தி அறுபத்தஞ்சு ஹெர்ட்ஸ் வேகத்துல ஓடுற மானிட்டரை வாங்கிட்டு அறுபதுல ஓட்டுறீங்களே சார்," என்றார். வேறு கேபிள் மாட்டினார். செட்டிங்கில் போய் எண்ணை மாற்றினார்.

"வந்தவங்க திரும்பிப் போவாங்களா பாய்?"

அவர் வீரருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "வந்தவங்க வந்தவங்கதான். இனிமே வராம பாத்துக்கலாம். நிறம் சீக்கிரம் மாற ஓவர்டிரைவ்னு ஒண்ணு இருக்கு, அதை நடுவுல வச்சிருக்கேன். உச்சத்துக்குக் கொண்டு போயிடாதீங்க, தலைகீழாயிடும். போனப்புறம் மிச்சம் இருக்கிறதுக்குப் பதிலா, போறதுக்கு முன்னாடியே வந்து நிக்கும்."

தலைகீழாகும் என்றால் வந்தவர் உள்ளே போய்விடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். பாய் தெருமுனை திரும்பியதும் உச்சத்தில் வைத்தேன்.

சாயங்காலம் எல்லோரும் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது விளையாட்டைப் போட்டேன். அதே ஊர், அதே தீ. நான் இன்னும் ஓடுவதற்கான பட்டனைத் தொடவில்லை. அதற்குள் என் ஆள் வந்து ஹாலின் நடுவில் நின்றுவிட்டார்.

அவருக்கு முதுகு மட்டும்தான் இருந்தது. நாற்காலியில் இருந்த வீரருக்கும் முதுகு தெரிந்தது, எதிரே சோபாவில் இருந்த மாமனாருக்கும் முதுகு தெரிந்தது. மாமனார் எழுந்து ஒரு சுற்று சுற்றி வந்தார். எல்லாப் பக்கமும் முதுகு. அதில் மருந்துப் பை.

"இவருதாங்க ஐயா," என்றார் வீரர்.

வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. மங்கை டீயை வைத்துவிட்டு வந்து, அந்தக் காலரை எடுத்துவிட்டாள். தினமும் காலையில் செய்கிற மாதிரியே செய்தாள். செய்து முடித்ததும்தான் அவள் கை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். "கொஞ்சம் திரும்புங்க."

நான் திரும்பினேன். சுவரில் தீயணைப்பு நிலையம் கொடுத்த காலண்டர் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். காது இரண்டும் சுட்டன.

கடைசியில் வீரர்தான் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா." சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நான் அந்த முதுகிலிருந்து பையைக் கழற்றினேன். அது கொஞ்சம் குனிந்து கொடுத்தது. வீரரின் காலடியில் உட்கார்ந்து துணியைச் சுற்றினேன். எனக்குக் கட்டத் தெரியவில்லை, துணி நழுவிக்கொண்டே இருந்தது. மாமனார் வாழ்நாளில் எத்தனையோ கட்டுப் போட்டவர், கிட்டே வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் இறுக்கமா சார்," என்றார் வீரர்.

"வலிக்குதா?"

"இல்ல சார். ஓடுறப்பதான் வலிச்சுது." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஹெலிகாப்டர்ல இடம் இருந்துச்சா சார்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருந்துச்சு," என்றேன். "நெறைய இருந்துச்சு."

அவர் தலையசைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாமனாருக்குச் சிநேகிதர் யாரோ போன் செய்தார்கள். மாமனார் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தும் கேட்டது. "மாப்பிள்ளையா? நல்லா இருக்காரு. ஃபயர் ஆபீஸ்ல எழுத்து வேலை பாக்குறாரு."

அவர் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். "படம் பாக்கலாம்," என்றாள் மங்கை. புதிதாக வந்திருந்த ஒரு குடும்பப் படத்தைப் போட்டாள். வேர்க்கடலை வறுத்து எடுத்து வந்தாள். வீரர் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டார். முதுகு ஃபிரிட்ஜ் பக்கம் போய் நின்றது. ஓவர்டிரைவைக் குறைக்க எனக்குத் தோன்றவில்லை.

படத்தில் ஒரு தியேட்டர் இருந்தது. கதாநாயகன், கதாநாயகி, அவளுடைய அப்பா, வில்லன், ஆடுகிற பெண்கள் எல்லோரும் வரிசையாக எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. அவர்கள் படம் பார்ப்பதுபோல எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நாங்கள் கடலை தின்றோம். மாமனார் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். வில்லன் கொட்டாவி விட்டார். கதாநாயகி என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். நான் கடலைத் தோலைத் தரையிலிருந்து பொறுக்கினேன்.

இடைவேளையில் அவர்கள் எழுந்து வெளியே போனார்கள். மணி அடித்த பிறகும் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

துடைப்பத்தோடு ஓர் ஆள் வந்து காலி வரிசைகளைப் பெருக்கினார். பாதியில் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"பாதி இருக்கு," என்றேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முன்வரிசையில் ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.