தொட்டியின் அடிக்கசடு

கடற்கரைச் சேற்றை ஆராயும் வேதியியல்காரியைக் கட்டிக்கொண்டதே தான் செய்த பெரிய தியாகம் என்பது அந்த எண்ணெய்க் கிடங்கு மேற்பார்வையாளரின் நினைப்பு. "சேறு நோண்டுறதுக்கு எதுக்குடி டாக்டர் பட்டம்?" என்று விருந்தாளிகள் எதிரில் கேட்டுவிட்டு, அவரே முதலில் சிரித்துக்கொள்வார்.

கழிமுகத்துச் சேற்றில் எண்ணெய் இறங்கியிருந்தது. மீன்பிடிப் படகுகள்தான் காரணம் என்று கிடங்கு கைகாட்டியது. அது உறுதியானால் படகுகள் கடலில் இறங்க முடியாது. கிடங்குதான் என்றால், கழிவுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளரின் சீட்டு கிழியும். புருஷன் அங்கே வேலை பார்க்கிறார் என்று அவள் முன்பே சொல்லியும், கருவியை இயக்க வேறு ஆளில்லை என்று ஆய்வகத் தலைவர் அது யாருடைய எண்ணெய் என்று கண்டுபிடிக்கும் வேலையை அவள் தலையில் கட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கிடங்கு ஒரு சீசா எண்ணெய் கொடுத்தது; நிரப்பி அனுப்பியவர் புருஷன்தான். பொருந்தவில்லை. படகு டீசலும் பொருந்தவில்லை.

"பார்த்தியா? நாங்க சுத்தம்," என்று அன்று மாலை காலாட்டிக்கொண்டே சொன்னார் புருஷன். கிடங்கின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி ஏறிய சட்டையைச் சுருட்டி அவள் காலடியில் எறிந்தார். "நல்லா ஊற வை. கறை போகணும்."

அவள் ஊற வைக்கவில்லை. கறை படிந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு எடுத்துப் போனாள். எத்தனை காலம் மண்ணில் கிடந்தாலும் எளிதில் சிதையாத சில சேர்மங்கள் எண்ணெயில் உண்டு. எந்த எண்ணெய் என்று அவை காட்டிக்கொடுத்துவிடும். சட்டையும் சேறும் அச்சு அசலாக ஒத்துப்போயின. சீசாவில் வந்தது வேறெங்கோ வாங்கி ஊற்றியது. ஏமாற்றுவதையாவது இந்த மனிதர் உருப்படியாகச் செய்யக்கூடாதா? அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

சட்டைத் துண்டைச் சான்றாகக் காட்ட முடியாது. தொட்டியின் அடிக்கசடைத் தானே நேரில் போய் எடுக்க வேண்டும் என்று தலைவரிடம் அனுமதி வாங்கினாள். விஷயம் தெரிந்ததும் மனிதர் குழைந்தார்.

"பக்கத்துத் தொட்டியில எடுத்துக்கோம்மா. அது புதுசு. இல்லேன்னா என் வேலை போயிடும்."

"படகுக்காரங்க வேலை போனா பரவாயில்லையா?"

"அவங்களும் நானும் ஒண்ணா?"

அவர்மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்தக் கேள்வியோடு போயிற்று.

மறுநாள் தொட்டியருகே கிடங்கின் மேலிடத்து அதிகாரிகள் வந்து நின்றார்கள். "இவங்க ஆய்வகத்துலேருந்து வந்திருக்காங்க," என்று, பெண்டாட்டியை முன்பின் பார்த்திராதவர்போல் அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார் புருஷன். அவள் நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"மூடியத் திறங்க, சார்," என்றாள்.